கறுப்பு மொலி மீனுக்கு வாயில் வெள்ளை, ஹீற்றரைக் கூட்டியும் சாகுது. என்ன செய்யலாம்?

கீற்று (வெள்ளவத்தை), செவ்வாய் காலை

மீன்தொட்டி 2½ அடி நீளம், 1 அடி அகலம், 1¼ அடி உயரம். எட்டு மாதமாக ஓடுது. கறுப்பு மொலி 5, கப்பி 8, கொறிடோரஸ் (அடியில் மேயும் சின்னக் கெளிறு) 3. கப்பியில் நாலு, பத்து நாளைக்கு முன் வாங்கி விட்டவை.

ஞாயிறு காலை ஒரு மொலியின் உதட்டில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. வெண்புள்ளி நோய் என்று நினைத்து ஹீற்றரை 28இலிருந்து 31 பாகைக்குக் கூட்டி, நீல மருந்தை (மெத்திலீன் புளூ) போத்தலில் போட்ட அளவுக்கு விட்டேன். திங்கள் இரவு அந்த மொலி செத்துவிட்டது. இன்று இன்னொரு மொலிக்கு வாய் வெள்ளை, ஒரு கப்பிக்கு முதுகுச் செட்டைக்குக் கீழே சாம்பல் நிறப் பட்டை. இரண்டும் மேலே வந்து நிற்குது, சாப்பாடு எடுக்கேல்லை. மருந்தைக் கூட்டவா?

முருங்கை

வெண்புள்ளிதான். 32க்குக் கூட்டி விடுங்கோ, மூன்று நாளில் உதிர்ந்துவிடும். நீல மருந்தை நிப்பாட்ட வேண்டாம்.

நீர்ச்சுழி

கீற்று, முதலில் ஹீற்றரின் பிளக்கைக் கழற்றுங்கள். மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

முருங்கை, வெண்புள்ளிக்கு நீங்கள் சொன்னது சரி. சூடு கூடினால் அந்த ஒட்டுண்ணியின் சுற்று சுருங்கும், தோலை விட்டு வெளியே வந்து நீந்தும் கட்டத்தில் மருந்து பிடிக்கும். ஆனால் இது அது போலத் தெரியவில்லை. வெண்புள்ளி ஒரு மில்லிமீற்றருக்கு மேல் போகாத தனித்தனி மணி. உப்புத் தூவியது போலச் செட்டையிலும் உடம்பிலும் சிதறி இருக்கும். உதட்டில் கோடாக வராது, முதுகில் பட்டையாகவும் வராது. ஒரே நாளில் பெரிய மொலியைக் கொல்வதும் அதற்கு வழக்கமில்லை.

வாயில் வெள்ளை, முதுகில் சேணம் போட்டது போலப் பட்டை, இரண்டு நாளில் சாவு: இது கொலம்னாரிஸ். பார்க்கப் பூஞ்சணம் போல இருந்தாலும் பற்றீரியா. இளஞ்சூட்டுத் தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும், 31 பாகை அதற்கு விருந்து. நீல மருந்து இதற்கு எதுவும் செய்யாது. பில்ற்றரில் இருந்து, மீன் கழிவில் வரும் விஷமான அமோனியாவைத் தின்னும் நல்ல பற்றீரியாவைத்தான் அடிக்கும்.

உறுதிப்படுத்த இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, டோர்ச்சைக் கண்ணாடிக்குச் சரிவாகப் பிடியுங்கள். நீளமான பஞ்சு நூல், தண்ணீர் அசையும்போது அதுவும் அசைந்தால் பூஞ்சணம். அது பெரும்பாலும் பழைய காயத்தின் மேல்தான் வரும். குட்டையாக, அரைத்த தேங்காய்ப்பூவை அப்பியது போல ஒட்டிக்கொண்டு, ஓரம் மங்கல் மஞ்சளாக இருந்தால் கொலம்னாரிஸ். உடம்பு முழுக்கப் பொன் தூள் மாதிரி மின்னினால் அது வெல்வெட் என்ற இன்னொரு ஒட்டுண்ணி நோய், வேறு கதை.

அமோனியா பார்க்கும் சொட்டு மருந்து இருக்கிறதா? பில்ற்றர் பஞ்சை கடைசியாக எப்போது, எதில் கழுவினீர்கள்?

கீற்று

டோர்ச் பிடித்துப் பார்த்தேன். அசையவில்லை, அப்பின மாதிரித்தான். கப்பியின் பட்டைக்கு ஓரத்தில் லேசான மஞ்சள்.

பஞ்சு சனிக்கிழமை பைப் தண்ணியில் நன்றாகப் பிழிந்து கழுவினது. அமோனியா லீற்றருக்கு 1 மில்லிகிராம், பிஎச் 6.8. அறையில் ஹீற்றர் இல்லாமலே தண்ணீர் 28 காட்டுது. இரவில் ஏஸி போட்டால் 25க்கு இறங்கும், அதனால்தான் ஹீற்றரே வாங்கினது.

செவுள்

பைப்பில் கழுவிய பஞ்சும் நீல மருந்தும் சேர்ந்தால் அந்த 1 மில்லிகிராம் எங்கிருந்து வந்தது என்று தேடத் தேவையில்லை. குளோரீன் பஞ்சில் இருந்ததைக் கொன்றது, தப்பியதை மருந்து பார்த்துக்கொண்டது.

இன்னொன்று தண்ணீரின் கடினம். கொழும்புக்கு வருவது அம்பத்தளையில் களனி கங்கையிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த தண்ணீர், இல்லாவிட்டால் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கத் தண்ணீர். எல்லாம் கல்சியம் குறைந்த மென்னீர். மொலிக்கும் கப்பிக்கும் கல்சியம் வேண்டும். யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணியில் மொலி கவனிப்பாரில்லாமலே பெருகும். இங்கே அதே மொலி செட்டையை மடித்து, நின்ற இடத்திலேயே நடுங்கும். நோய் முதலில் மொலியைப் பிடித்ததில் அதிசயமில்லை. கோழித்தீனிக் கடையில் சிப்பி ஓட்டு நொறுங்கல் கிடைக்கும், 100 கிராம் வலைப்பையில் கட்டி பில்ற்றருக்குள் போடுங்கள். அப்பச்சோடாவும் ஒரு தேக்கரண்டி விடலாம்.

நீர்ச்சுழி

சிப்பி நல்லது, ஆனால் இந்த வாரம் அல்ல. அப்பச்சோடா அறவே வேண்டாம். பிஎச் 6.8இல் அந்த 1 மில்லிகிராம் அமோனியாவில் விஷமான பங்கு நூற்றில் அரைப் பங்குகூட வராது. அப்பச்சோடாவால் பிஎச் 8க்கு ஏறினால் அதே தண்ணீரில் விஷம் சுமார் 15 மடங்கு. அமோனியா பூச்சியமான பிறகு சிப்பியைப் போடுங்கள், அது மெதுவாகத்தான் கரையும்.

இப்போது வேலை. உங்கள் தொட்டி 3.1 கன அடி, 88 லீற்றர். கல்லையும் மேலே விட்ட இடைவெளியையும் கழித்தால் 75 லீற்றர் என்று வைப்போம். எல்லா அளவும் இந்த 75க்குத்தான். வெளி அளவுக்கு மருந்து போடுவதுதான் வீட்டில் அதிகம் நடக்கும் பிழை.

ஹீற்றர் கழன்றபடியே இருக்கட்டும். மேசை விசிறியைத் தண்ணீரின் மேற்பரப்புக்கு நேரே திருப்பி, மூடியைத் திறந்து வையுங்கள். இரண்டு மூன்று பாகை தானாக இறங்கும். ஐஸ் கட்டி வேண்டாம். ஏஸியை இந்தக் கிழமைக்கு ஒன்றில் இரவு பகல் போடுங்கள் அல்லது போடவே வேண்டாம், தினமும் ஏறி இறங்குவதுதான் கெடுதல். எயார் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) ஒன்று கூடுதலாக ஓடட்டும்.

இன்று 30 வீதத் தண்ணீரை மாற்றுங்கள், அடுத்த இரண்டு நாளும் அப்படியே. அடிக்கல்லில் கிடக்கும் மிச்சத் தீனியை உறிஞ்சி எடுங்கள். புதுத் தண்ணீருக்கு அன்ரிகுளோரீன் கட்டாயம். அது சோடியம் தயோசல்பேற்றுக் கற்கண்டுதான். 10 கிராமை 1 லீற்றர் தண்ணீரில் கரைத்து வைத்தால், லீற்றருக்கு 1 மில்லிலீற்றர். 25 லீற்றர் வாளிக்கு 25. பைப்பைத் திறந்ததும் குளோரீன் மணம் மூக்கில் அடிக்கிற நாளில் இரட்டிப்பு.

உப்பு லீற்றருக்கு 3 கிராம். உங்களுக்கு 225 கிராம். ஆனையிறவுக் கல்லுப்பும் சரி, கடை உப்பும் சரி, கரண்டியால் அளக்காமல் தராசில் நிறுங்கள். கல்லுப்புக் கரண்டியும் தூளுப்புக் கரண்டியும் ஒரே நிறை இல்லை. ஒரு சட்டித் தண்ணீரில் கரைத்து 75 கிராம் வீதம் மூன்று தடவை, தடவைக்கு 12 மணி இடைவெளி. உப்பு ஆவியாகாது. தண்ணீர் வற்றியதற்கு ஊற்றும்போது உப்பு வேண்டாம், முழு அளவும் போட்டு முடித்த பிறகு தண்ணீர் மாற்றினால் எடுத்த 22 லீற்றருக்கு மட்டும் 66 கிராம்.

கொறிடோரஸுக்கு இந்த உப்பு அதிகம். அவற்றைத் தனி பேசினில், லீற்றருக்கு 1 கிராம் உப்போடு வையுங்கள். செடி வாடினால் வாடட்டும்.

வாய் வெளுத்த மொலியையும் பட்டை விழுந்த கப்பியையும் பிரித்து, 20 லீற்றர் வாளியில் கொண்டிஸ் (பொற்றாசியம் பெர்மங்கனேற்று) குளிப்பு. 1 கிராம் கொண்டிஸை 1 லீற்றரில் கரைத்து, அதில் 40 மில்லிலீற்றர் வாளிக்கு. அது லீற்றருக்கு 2 மில்லிகிராம். கற்களை நேரே வாளியில் போட்டால் மீன் செவுள் வெந்து சாகும். கண்ணளவு இங்கே உதவாது, 1 கிராம் நிறுக்க நகைத் தராசு வேண்டும். அந்தத் தண்ணீருக்கும் முதலில் அன்ரிகுளோரீன் போட்டிருந்தால் அது கொண்டிஸைத் தின்றுவிடும், ஆகவே ஒரு நாள் எயார் ஸ்டோன் போட்டு வைத்த தண்ணீரை எடுங்கள். நாலு மணித்தியாலம், எயார் ஓட ஓட, பக்கத்திலேயே இருந்து. இளஞ்சிவப்பு நிற்கும்வரை வேலை நடக்கிறது, தேயிலைச் சாயம் போல ஆனால் முடிந்தது. மீன் சரிந்தாலோ மூச்சுக்கு அடித்தாலோ 20 மில்லிலீற்றர் தயோசல்பேற்றுக் கரைசலை ஊற்றி உடனே மாற்றுங்கள். வாரத்துக்கு ஒருக்காவுக்கு மேல் வேண்டாம்.

நீல மருந்தை எடுக்க பில்ற்றரில் ஒரு பை அக்ரிவேற்றட் கரி. ஒரு நாள் தீனி நிறுத்துங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் உறை போடாமல் தொட்டிக்குள் விட வேண்டாம். மீனின் காசநோய்க் கிருமி மனிதத் தோலிலும் மாதக்கணக்கில் ஆறாத புண் வைக்கும்.

முருங்கை

சரி, நான் சரியாக வாசிக்காமல் சொன்னேன். ஒரு கேள்வி, இப்படிச் சூட்டைக் குறைத்து, உண்மையில் வெண்புள்ளியும் கூடவே இருந்தால்?

நீர்ச்சுழி

அந்த உப்பு வெண்புள்ளியையும் தடுக்கும், குளிர்ந்த தண்ணீரில் சுற்று நீளும் என்பதால் நாள் கூட எடுக்கும். வெண்புள்ளிக்கு மீனிடம் ஒரு கிழமை அவகாசம் இருக்கும். கொலம்னாரிஸ் அவ்வளவு தராது. எது முதலில் கொல்லுமோ அதற்கு முதலில் மருந்து.

கீற்று, சனி மாலை

வாளியில் வைத்த மொலி புதன் காலை செத்துவிட்டது. கப்பி இருக்கு, பட்டை இருக்கிற இடம் இப்போது சிவப்பாகத் தெரியுது, வெள்ளை போய்விட்டது. வேறு எதற்கும் புதிதாக வரவில்லை. அமோனியா கால் மில்லிகிராம். தண்ணீர் 26. எல்லாம் சாப்பிடுது.

மருந்துக்கடையில் ரெற்றாசைக்கிளின் (அன்ரிபயோற்றிக்) கப்ஸ்யூல் வாங்கித் தொட்டிக்குள் உடைத்துப் போடு என்று மீன்கடையில் சொல்லுறாங்கள். போடலாமா அண்ணா?

நீர்ச்சுழி

வேண்டாம். வெள்ளை போய்ச் சிவப்புத் தோல் தெரிவது ஆறுகிற குறி. இந்த நேரத்தில் கப்ஸ்யூல் போட்டால் மறுபடி வளரத் தொடங்கிய பில்ற்றர் பற்றீரியா போகும், அமோனியா திங்களுக்குள் பழைய இடத்துக்கு வரும். அரைகுறை அளவில் போட்டால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும்.

மறுபடி வெள்ளை தெரிந்தால் மிருக வைத்தியரிடம் கேட்டு மருந்தைத் தீனியில் கலந்து கொடுங்கள். ஒக்சிரெற்றாசைக்கிளின் என்றால் மீனின் நிறையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 55 முதல் 83 மில்லிகிராம், 10 நாள், இடையில் நிறுத்தாமல். சாப்பிடும் மீனுக்குத்தான் அது. சாப்பாட்டை விட்ட மீனுக்குத் தீனி மருந்து தண்ணீரைத்தான் கெடுக்கும்.

உப்பை இன்னும் பத்து நாள் வையுங்கள். பிறகு உப்பில்லாத தண்ணீரால் மூன்று நாளைக்கொருக்கா 30 வீதம் மாற்றினால், நாலாவது மாற்றத்தோடு லீற்றருக்கு 1 கிராமுக்குக் கீழே வந்துவிடும். அதற்குப் பிறகு கொறிடோரஸைத் திருப்பி விடலாம்.

செவுள்

அமோனியா இரண்டு நாள் தொடர்ந்து பூச்சியம் காட்டினால் சிப்பியைப் போடுங்கள். அடுத்த முறை பஞ்சைத் தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரில், இரண்டு பிழி, அவ்வளவுதான். கறுப்பாக இருந்தாலும் பரவாயில்லை. புது மீன் வந்தால் 20 லீற்றர் பேசினில் மூன்று கிழமை தனியாக, தனி வலையோடு.

கீற்று

வலை ஒன்றுதான் இருக்கு. செத்த மீனை எடுத்ததும் அதால்தான்.

செவுள்

அதைக் கழுவிப் பல்கனிக் கம்பியில் ஒரு முழு நாள் வெயிலில் போடுங்கள். கொலம்னாரிஸ் காய்ந்து போவதைத் தாங்காது. மழை என்றால் கொண்டிஸ் கரைசல் மிச்சம் இருக்குமே, அதில் அரை மணித்தியாலம் ஊற வைத்துக் கழுவுங்கள். வலை மண்ணிறமாகும், பழுதில்லை.