சுண்டிக்குளம் தரவைக்குள்ள வாகனம் விடலாமோ?

விசுவமடு வாசி:
வணக்கம் உறவுகளே. எங்கட விளையாட்டுக் கழகப் பெடியள் தை மாதம் பறவையள் வாற சுண்டிக்குளம் களப்புக்குச் சைக்கிள் ஓட்டம் ஒண்டு ஒழுங்குபடுத்தீனம். எனக்கு முழுச் சம்மதம். இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு எங்கட பிள்ளையள் பூநாரையைப் படத்தில மட்டும் பாக்கிறது எனக்கு மனவருத்தம்.

ஆனால் போன கிழமை அங்க கண்டதைச் சொல்லோணும். ஒரு ஜீப் நேரே தரவைக்குள்ள, அதுதான் களப்போர வெட்டைக்குள்ள, இறங்கி, ஹோர்ன் அடிச்சுப் பறவையளை எழுப்புது. உள்ள இருந்தவை வீடியோ எடுக்கினம். பூநாரை நிண்ட நிலையில எழும்பாது. தண்ணிக்கு மேல காலடிச்சுக் கொஞ்சத் தூரம் ஓடித்தான் மேல வரும். அப்பிடிப் பாடுபட்டுப் போய் அங்கால இறங்க, ஜீப்பும் பின்னால போகுது. தலையைக் கவிட்டுச் சேத்துத் தண்ணியை அரிச்சுச் சாப்பிடுற பறவை அது. மேயிற நேரமெல்லாம் கலைச்சால் எப்ப வயிறு நிறையும்?

சைக்கிளை எங்க நிப்பாட்டுறது, எவ்வளவு தூரத்தில நிண்டு பாக்கிறது எண்டு தெரிஞ்சவை சொல்லுங்கோ.

களப்புத் தொழிலாளி:
தம்பி, நாங்கள் தலைமுறையா அந்தக் களப்பில இறால் பிடிக்கிற ஆக்கள். பறவையும் நாங்களும் ஒரே தண்ணியிலதான் சீவிக்கிறம். ஈரத் தரவையில ரயர் போன தடம் வெயிலுக்குக் கல்லு மாதிரி இறுகிப்போகும். அதில உவர் நிலத்து உமரிச் செடி முளைக்கிறது லேசில்லை. வலையோட போற எங்களை மறிச்சுக் கேள்வி கேக்கினம், பொழுதுபோக்க வாற வாகனத்தை ஒருத்தரும் கேக்கினமில்லை. வாறவை நடந்து வரட்டும், நாங்களே வழி காட்டுவம்.

ரீச்சர் கிளிநொச்சி:
1938 இல பறவைகள் சரணாலயமாக்கின இடம், 2015 இல தேசியப் பூங்காவாகீட்டுது. சரணாலயத்துக்குள்ள சும்மா போகலாம், தேசியப் பூங்காவுக்கு அப்பிடியில்லை. வனஜீவராசிகள் திணைக்களத்தின்ர அனுமதி வேணும், முதலே எடுங்கோ.

தூரத்தை அடிக்கணக்கில சொல்லேலாது தம்பி. பறவையைத்தான் பாக்கோணும். தலை தண்ணிக்குள்ள இருந்தால் பிரச்சினை இல்லை. மேயிறதை விட்டுட்டுக் கழுத்தை நிமித்தி எல்லாம் ஒரே பக்கம் பாத்துக்கொண்டு நிண்டால், நீங்கள் கிட்டப் போயிட்டியள். அந்த இடத்திலயே நிண்டு, மெதுவாப் பின்னால வாங்கோ. ஒரு பைனாகுலரை மாத்தி மாத்திக் குடுத்தாலே பிள்ளையளுக்குப் போதும்.

இன்னொண்டு. இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாயேக்க பாக்கப் போற சனம் அங்க எறியிற, சாப்பாடு சுத்தின லஞ்ச் சீற்றும் போத்தலும் கனகராயன் ஆத்தோட இந்தக் களப்புக்குத்தான் வரும். சாப்பாட்டை வாழையிலையில கட்டுங்கோ.

ரொறன்ரோவில இருந்து:
நான் கொஞ்சம் மாறிச் சொல்லுறன். கரை வரைக்கும் நல்ல றோட்டும், இரவு தங்கக் கூடாரமும் போட்டால் ஊர்ப் பெடியளுக்கு வேலை கிடைக்குமெல்லோ? எல்லாத்தையும் பூட்டி வைச்சால் ஊர் எப்பிடி முன்னேறும்?

விசுவமடு வாசி:
அண்ணை, வேலை வேணும் எண்டதில எனக்கு மறுப்பில்லை. ஆனால் கரை வரைக்கும் றோட்டுப் போட்டால் ஜீப் கரையோட நிக்காது, தரவைக்குள்ள இறங்கும். இரவில வெளிச்சமும் பாட்டுப் பெட்டியும் வரும். பறவை வேற இடம் பாத்துப் போனால் அந்தக் கூடாரத்துக்கு ஆர் வருவினம்? வழிகாட்டுறதுக்கும் சமைச்சுத் தாறதுக்கும் ஊராக்களுக்குக் காசு குடுப்பம். அந்த வேலை நிலைக்கும்.

ரீச்சர், ஐயா, ரெண்டு பேருக்கும் நன்றி. சைக்கிளெல்லாம் றோட்டு முடியிற இடத்தில நிக்கும், அங்கால நடைதான். ஐயா, எங்களோட வர ஏலுமோ? வழிச்செலவும் நாள் கூலியும் கழகம் தரும். அனுமதிக் கடிதம் நாளைக்கு எழுதுறன்.