ரெகுலர் சேவர் அடுத்த மாதம் முடிகிறது, என்ன செய்யணும்?

அக்கா, அண்ணா எல்லாருக்கும் வணக்கம். நான் மதுரை. இங்கிலாந்தில் லீட்ஸ் வந்து பதினாலு மாதம் ஆகுது, நர்ஸ் வேலை. வார்டில் கூட வேலை பார்க்கிறவர் சொல்லி, மாதம் 300 பவுண்டு கட்டுகிற ரெகுலர் சேவர் ஒன்று திறந்தேன். 7% வட்டி. அடுத்த மாதம் ஒரு வருடம் முடிகிறது என்று வங்கியிலிருந்து மெசேஜ் வந்திருக்கு. 3,600-க்கு 7% என்றால் 252 பவுண்டு வரணும் இல்லையா? ஆப்பில் 136.50 என்றுதான் காட்டுது. குறைத்துக் கொடுக்கிறார்களா? இன்னொன்று, நான் எதுவும் செய்யாமல் விட்டால் நம்ம ஊர் எஃப்டி மாதிரி தானாகவே புதுப்பித்துவிடுவார்களா?

—

தம்பி, பயப்படாதீங்க, கணக்கு சரிதான். ஊரில் அம்மா போஸ்ட் ஆபீஸில் ஆர்டி கட்டியிருப்பாங்க, இதுவும் அதே வகைதான். முதல் மாதம் போட்ட 300 மட்டும்தான் பன்னிரண்டு மாதமும் உள்ளே இருந்தது. கடைசியாகப் போட்ட 300 ஒரே ஒரு மாதம்தான் இருந்தது. சராசரி எடுத்தால் ஒவ்வொரு தவணையும் ஆறரை மாதம். அதற்கு 7% போட்டுப் பாருங்க, 136.50 வரும். 2025-இல் ஃபர்ஸ்ட் டைரக்ட் மாதம் 300 வரை 7% கொடுத்தபோது அவர்களே காட்டிய தொகையும் இதுதான்.

இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. பெரும்பாலான வங்கிகளில் இது தானாகப் புதுப்பிக்கப்படாது. பன்னிரண்டாவது மாதம் முடிந்ததும் அசலும் வட்டியும் உங்க கரண்ட் அக்கவுண்டுக்கு வரும், இல்லையென்றால் அதே வங்கியின் சாதாரண சேமிப்புக் கணக்காக மாறிவிடும். எனக்கு நடந்ததைச் சொல்றேன். 2023-இல், என் மகள் பிறந்த சமயம், ஒரு கணக்கு முடிந்தது. கடிதம் வந்தது, பிரித்துப் பார்க்கவில்லை. பணம் 1% சொச்சம் வட்டி தருகிற கணக்காக மாறியிருந்தது. மாதாமாதம் தானாகப் பணம் அனுப்புகிற ஸ்டாண்டிங் ஆர்டரையும் நான் நிறுத்தவில்லை, அதனால் 250 பவுண்டு அதற்குள்ளேயே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. ஏழு மாதம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. அப்போது பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் வட்டி விகிதமே 5.25%! அந்த ஏழு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு வலிக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இன்றைக்கே உங்க கணக்கின் சம்மரி பாக்ஸைத் திறந்து படிங்க. இங்கே எல்லாச் சேமிப்புக் கணக்குக்கும் ஒரே மாதிரித் தலைப்புகளோடு அது இருக்கும், இரண்டு பக்கம்கூட வராது. முடிவில் பணம் எங்கே போகும், நடுவில் எடுக்கலாமா என்பதெல்லாம் அதில் இருக்கும். எடுக்கிற விஷயம் வங்கிக்கு வங்கி மாறும். நேஷன்வைடின் ஃபிளெக்ஸ் ரெகுலர் சேவரில் வருடத்துக்கு மூன்று முறை எடுத்தாலும் வட்டி குறையாது. சில கணக்குகளில் நடுவில் பணம் வேண்டுமென்றால் கணக்கையே மூட வேண்டியதுதான், அந்த 7%-ம் கையை விட்டுப் போய்விடும். ஊரில் திடீரென்று ஆஸ்பத்திரிச் செலவு வரக்கூடிய நம்ம மாதிரி ஆட்கள் திறப்பதற்கு முன்னாடியே இதைப் பார்த்துவிடணும்.

முடிகிற அன்றைக்குச் செய்ய வேண்டியது: பழைய ஸ்டாண்டிங் ஆர்டரை ரத்து பண்ணுங்க. புதுக் கணக்கு திறந்தால் அதற்கு நம்பர் வேறாக இருக்கும், அதனால் ஆர்டரையும் புதிதாகத்தான் போடணும். பெரும்பாலும் பழைய கணக்கு மூடின பிறகுதான் அதே வங்கியில் இன்னொன்று திறக்க விடுவார்கள். வட்டியும் அன்றைய வட்டிதான், போன வருட 7% அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்காதீங்க. 2023 ஆகஸ்டில் 5.25% ஆக இருந்த பேங்க் ரேட் 2025 டிசம்பரில் 3.75%-க்கு இறங்கியது. புதுக் கணக்கில் ‘ஃபிக்ஸ்டு’ (மாறாத வட்டி) என்று இருக்கிறதா ‘வேரியபிள்’ (நடுவில் மாறலாம்) என்று இருக்கிறதா என்பதைக் கட்டாயம் பாருங்க.

அடுத்தது அந்த 3,736.50. நிறையப் பேர் இதை கரண்ட் அக்கவுண்டிலேயே விட்டுவிடுகிறார்கள், இரண்டு மாதத்தில் எங்கே போனது என்றே தெரியாது. எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஒரு ஈஸி ஆக்செஸ் கணக்கிலோ, வட்டிக்கு வரி இல்லாத கேஷ் ஐசாவிலோ போடுங்க, அங்கிருந்து மாதம் 300-ஐப் புது ரெகுலர் சேவருக்குத் தள்ளுங்க. உதாரணத்துக்கு ஈஸி ஆக்செஸில் 4%, புது ரெகுலர் சேவரில் மறுபடி 7% என்று வைத்துக்கொள்வோம். 3,600-ஐ 4%-இலேயே வைத்தால் வருடத்துக்கு 144 பவுண்டு. மாதாமாதம் தள்ளினால் இங்கே சுமார் 66, அங்கே 136.50, இரண்டும் சேர்த்து 202.50. அதே பணம்தான், ஒரு ஸ்டாண்டிங் ஆர்டர் மட்டும்தான் கூடுதல் வேலை. இப்படிச் செய்தால் சம்பளத்தில் மிச்சமாகிற 300 உங்க கையிலேயே இருக்கும். அதற்கு வேறொரு வங்கியில் இரண்டாவது ரெகுலர் சேவர் திறக்கலாம். நல்ல வட்டி தருகிற பல கணக்குகளுக்கு அங்கேயே கரண்ட் அக்கவுண்டும் இருக்கணும் என்பார்கள், அதை மட்டும் கவனிங்க.

—

ரொம்ப நன்றி அக்கா, கண் திறந்தது. வரி பிடிப்பார்களா? ஊரில் எனக்கு ஒரு ஆர்டி ஓடிக்கொண்டிருக்கு, அதையும் சொல்லணுமா? இங்கே தெரிந்த ஒரு அண்ணா சீட்டு பிடிக்கிறார், அதில் சேர்ந்தால் இதைவிட லாபம் என்கிறார்.

—

வட்டிக்கு வங்கி வரி பிடிக்காது. 20% வரி கட்டுகிறவருக்கு வருடத்துக்கு 1,000 பவுண்டு வரை வட்டிக்கு வரி கிடையாது, 40% கட்டுகிறவருக்கு 500. அதைத் தாண்டினால் வங்கி கொடுக்கும் விவரத்தை வைத்து இங்கத்து வரித்துறையான ஹெச்எம்ஆர்சியே, சம்பளத்தில் வரி பிடிப்பதற்கான உங்க டாக்ஸ் கோடை மாற்றிவிடும். ரெகுலர் சேவரில் வட்டி கடைசியில் மொத்தமாக வருவதால், அது கைக்கு வருகிற வரி ஆண்டில்தான் கணக்காகும். இங்கே ஆண்டு ஏப்ரல் 6-இல் தொடங்கும்.

ஊர் ஆர்டி வட்டியும் அந்த 1,000-க்குள் சேர்ந்து வரும். வெளிநாட்டில் வசிக்கிறவர்களுக்கான என்ஆர்ஈ கணக்கு வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதற்காக இங்கேயும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 2025 ஏப்ரல் 6 முதல் ஒரு புது விதி இருக்கு: முந்தைய பத்து வருடம் இங்கே வசிக்காமல் புதிதாக வந்தவர்கள் முதல் நான்கு ஆண்டுகளுக்கு வெளிநாட்டு வருமானத்துக்கு விலக்கு கேட்கலாம். ஆனால் கேட்கிற வருடத்தில் 12,570 பவுண்டு வரியில்லா வரம்பு போய்விடும். சின்ன ஆர்டிக்காக அதைக் கேட்டால் நஷ்டம்தான். இன்னொன்று, ஊரில் உள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் இருப்பவர்கள் வைத்துக்கொள்கிற என்ஆர்ஓ கணக்காக மாற்றியாச்சா? இல்லையென்றால் அதை முதலில் முடிங்க.

சீட்டு விஷயத்தில் நான் கண்டிப்பாகச் சொல்வேன், வேண்டாம். அந்த அண்ணா நல்லவராகவே இருக்கட்டும், நடுவில் ஒருவர் ஏலம் எடுத்துவிட்டு ஊரை விட்டுப் போனால் யாரிடம் போய்க் கேட்பீங்க? வங்கியில் ஆளுக்கு 120,000 பவுண்டு வரை எஃப்எஸ்சிஎஸ் காப்பு (வங்கி மூழ்கினால் பணத்தைத் திருப்பித் தருகிற திட்டம்) இருக்கு. முன்பு 85,000 ஆக இருந்ததை 2025 டிசம்பர் 1-இல் உயர்த்தினார்கள்.

சேமிப்பை எதற்கு வைக்கலாம் என்றும் சொல்றேன். இங்கே நிரந்தரமாகத் தங்குவதற்கான அனுமதி, அதாவது ஐஎல்ஆர், அதற்கான விண்ணப்பக் கட்டணம் 2025 ஏப்ரலில் தலைக்கு 3,029 பவுண்டு ஆனது. குடும்பம் வந்தால் ஆளாளுக்குத் தனித்தனி. ஒரு வருட ரெகுலர் சேவர் ஒரு ஆளின் கட்டணத்துக்குப் போதும், அதனால் நான் என் கணக்குகளுக்கு ஆப்பில் ‘ஐஎல்ஆர் நான்’, ‘ஐஎல்ஆர் அவர்’ என்று பெயரே வைத்திருந்தேன். வீட்டம்மா எப்போது வருவதாக இருக்காங்க, உங்க விசா எந்த மாதம் முடிகிறது? அதைச் சொல்லுங்க, இரண்டாவது கணக்கை எந்த மாதம் திறந்தால் சரியாக அந்தச் சமயத்தில் கைக்கு வரும் என்று சேர்ந்தே கணக்குப் போடலாம்.