கிளைத்த பக்கச் சங்கிலி கொண்ட பாலிதயோஃபீன் படலம் படிகமாகவில்லை: தொகுப்பில் பிழையா?

கேள்வி

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். முதன்மைச் சங்கிலி ஒன்றாகவும், தயோஃபீன் வளையத்தின் 3ஆம் இடத்தில் தொங்கும் பக்கச் சங்கிலி மட்டும் வேறாகவும் உள்ள இரண்டு பாலிதயோஃபீன்களை (தயோஃபீன் வளையங்கள் கோத்த, மின்கடத்தும் பாலிமர்கள்) ஒப்பிட்டு வருகிறேன். முதலாவதில் நேரான ஹெக்சைல் (பி3எச்டி). இரண்டாவதில் கிளைத்த 2-எத்தில்ஹெக்சைல் (பி3ஈஎச்டி). இரண்டையும் கிரின்யார் வழியில், ஒரே நிக்கல் வினையூக்கியைக் கொண்டு தொகுத்தேன். குளோரோஃபார்மில் கரைத்துக் கண்ணாடியில் சுழற்பூச்சு செய்து, நைட்ரஜனில் 150 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் அனீல் செய்து (சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ளச் சூட்டில் வைத்து), ஆறியதும் அன்றே அளந்தேன்.

பி3எச்டி எதிர்பார்த்தபடி ஊதாவானது. உட்கவர்தல் உச்சம் 550 நானோமீட்டர் அருகிலும், தோள் 600ஐ ஒட்டியும் உள்ளன, எக்ஸ்ஆர்டியில் (படிக ஒழுங்கைக் காட்டும் எக்ஸ்கதிர் அளவீடு) 5.4 டிகிரியில் கூர்மையான உச்சம் வருகிறது. பி3ஈஎச்டி படலமோ கரைசலில் இருந்த அதே ஆரஞ்சு நிறத்திலேயே நிற்கிறது. உச்சம் 450ஐத் தாண்டவில்லை, எக்ஸ்ஆர்டியில் அகன்ற மேடு மட்டுமே, டிரான்சிஸ்டரில் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை. தொகுப்பு தவறியிருக்கும், மீண்டும் செய் என்கிறார் வழிகாட்டி. மோனோமர் தீர்ந்துவிட்டதால் அது ஒரு மாத வேலை. அதற்கு முன் வேறு எதைச் சோதிக்க வேண்டும்?

மறுமொழி 1

முதலில் இடஒழுங்கை, அதாவது வளையங்கள் எல்லாம் ஒரே திசையில் இணைந்திருக்கின்றனவா என்பதைப் பாருங்கள். வளையத்தில் பக்கச் சங்கிலிக்கு அருகிலுள்ள முனையைத் தலை என்பார்கள். வளையங்கள் தலை-வால் முறையில் இணையாமல் தலை-தலையாக இணைந்தால், எதிரெதிரே நிற்கும் இரு பக்கச் சங்கிலிகளும் இடித்துக்கொண்டு வளையங்களைத் தளத்திலிருந்து திருகிவிடும். அப்போது இணைவு (எலக்ட்ரான்கள் வளையம் விட்டு வளையம் பரவுவது) அறுபட்டு நிறம் மஞ்சள் பக்கம் நகரும். 1990களின் தொடக்கத்தில் மெக்கல்லோ, ரீக்கி ஆகியோரின் குழுக்கள் தலை-வால் பாலிமரைத் தயாரிக்கும் வரை இந்தப் பாலிமர்களின் பெரிய குறையே இதுதான். புரோட்டான் என்எம்ஆரில் (ஹைட்ரஜன் அணுக்களின் சூழலைக் காட்டும் நிறமாலை) வளையத்தை ஒட்டிய மெத்திலீன் உச்சம் ஒன்றாக இருக்கிறதா, இரண்டாகப் பிரிந்திருக்கிறதா? பி3எச்டியில் 2.8 பிபிஎம்மில் வருவது தலை-வால், 2.6க்குச் சற்றுக் கீழே வருவது தலை-தலை.

கேட்டவர்

நன்றி. பி3ஈஎச்டியில் பெரிய உச்சம் ஒன்றும், அதன் அருகே மிகச் சிறிய உச்சம் ஒன்றும் உள்ளன. பரப்புகளின்படி தலை-வால் இணைப்பு 95 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது.

மறுமொழி 2

அப்படியானால் தொகுப்பைக் குறை சொல்வதற்கில்லை. 150 டிகிரி என்ற எண்ணைத்தான் நான் சந்தேகிக்கிறேன். அது பி3எச்டிக்காக எழுதப்பட்ட செய்முறை. பி3எச்டி ஏறத்தாழ 220 முதல் 240 டிகிரிக்குள் உருகுவதால், 150இல் அது உருகாமலேயே சங்கிலிகள் அசைந்து ஒழுங்காக அடுக்கிக்கொள்ள இடம் கிடைக்கிறது. பி3ஈஎச்டியின் உருகுநிலையோ 100 டிகிரிக்கும் கீழே. ஆகவே தாங்கள் அந்தப் படலத்தை அனீல் செய்யவில்லை. சுழற்பூச்சின்போது உண்டாகியிருக்கக்கூடிய கொஞ்சநஞ்ச ஒழுங்கையும் உருக்கி அழித்துவிட்டு, அது மீண்டும் படிகமாவதற்கு முன்பே அளந்திருக்கிறீர்கள்.

பக்கச் சங்கிலியைக் கரைதிறனுக்காக ஒட்டவைக்கும் வால் என்று மட்டும் எண்ணுவதால் வரும் சிக்கல் இது. பக்கச் சங்கிலி இல்லாத பாலிதயோஃபீன் எதிலும் கரையாது என்பது உண்மைதான். ஆனால் கரைத்து முடித்ததும் பக்கச் சங்கிலியின் வேலை முடிந்துவிடுவதில்லை. தங்கள் 5.4 டிகிரி உச்சத்தின் பொருள், செம்பு எக்ஸ்கதிருக்கு, சுமார் 1.6 நானோமீட்டர் அடுக்கு இடைவெளி. முதன்மைச் சங்கிலிகளுக்கு நடுவே ஹெக்சைல்கள் நிரம்பி நிற்கும் தூரம் அது. பியூட்டைல் போட்டால் அது குறையும், டோடெசைல் போட்டால் கூடும். நேரான சங்கிலி நீள நீள உருகுநிலையும் இறங்கும். கிளைத்த சங்கிலியின் கதை வேறு. கிளை வளையத்திலிருந்து இரண்டாம் கார்பனிலேயே தொடங்குவதால், வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கும் இடத்தில் பருமன் குறுக்கே நிற்கிறது. அந்தக் கார்பன் சமச்சீரற்றது. தாங்கள் வாங்கியிருக்கக்கூடிய சாதாரண 2-எத்தில்ஹெக்சைல் புரோமைடு ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான வலம், இடம் என்ற இரு வடிவங்களும் கலந்த பொருள். ஒரே சங்கிலியில் இரு வகையும் தாறுமாறாகத் தொங்கினால் அடுக்கு அமைவது கடினமே. அதனால்தான் இந்தப் பாலிமர் மணிக்கணக்கில், சில வெப்பநிலைகளில் நாட்கணக்கில், மெதுவாகப் படிகமாகிறது.

சோதிப்பது எளிது. பல வாரங்களாகக் குப்பியில் இருக்கும் தூளை டிஎஸ்சியில் (சூடேற்றும்போதும் குளிர்விக்கும்போதும் உருகல், படிகமாதலைக் காட்டும் கருவி) வைத்து, முதல் சூடேற்றத்தையும், குளிர்வித்த உடனே செய்யும் இரண்டாம் சூடேற்றத்தையும் ஒப்பிடுங்கள். பெரும்பாலோர் முதல் ஓட்டத்தைத் தூக்கியெறிந்துவிட்டு இரண்டாவதை மட்டுமே பதிவார்கள். இங்கே அந்தப் பழக்கம் உங்களை ஏமாற்றிவிடும். பின்னர் புதிய படலத்தை 100 டிகிரியில் உருக்கி, 50 டிகிரிக்கு இறக்கி, இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டுவிட்டு அளந்து பாருங்கள்.

கேட்டவர்

முதல் சூடேற்றத்தில் 80 டிகிரிக்குச் சற்றுக் கீழே அகன்ற உருகல் வந்தது. நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் குளிர்வித்தபோது படிகமாதல் உச்சம் இல்லை. இரண்டாம் சூடேற்றத்தில் எதுவுமே இல்லை. 50 டிகிரியில் வைத்த படலம் இரண்டாம் நாளே சிவப்பாக மாறத் தொடங்கியது. மூன்றாம் நாள் எக்ஸ்ஆர்டியில் தாழ்கோண உச்சம் தெளிவாகத் தெரிந்தது. டிரான்சிஸ்டரிலும் அளக்கக்கூடிய மின்னோட்டம் வருகிறது. ஆனால் பி3எச்டியைவிட மிகக் குறைவு. இன்னும் காத்திருந்தால் சமமாகிவிடுமா?

மறுமொழி 2

ஆகாது. படிகமான பின்னரும் வளையங்களுக்கு இடையிலான தூரத்தைக் கிளை அகட்டியே வைத்திருக்கும். துளைகள் (மின்னோட்டத்தைக் கடத்தும் நேர்மின் சுமைகள்) தாவிச் செல்வது அந்தத் தூரத்தைப் பொறுத்தது. கிளையே வேண்டுமென்றால் அதை வளையத்திலிருந்து தள்ளி வையுங்கள். ஐசோஇண்டிகோ என்ற வேறு வளையத் தொகுதி கொண்ட பாலிமர் ஒன்றில் கிளையை இரண்டாம் கார்பனிலிருந்து நான்காம் கார்பனுக்கு நகர்த்தியபோது, பை அடுக்கு இடைவெளி (ஒன்றன்மேல் ஒன்று நிற்கும் வளையங்களுக்கு இடையிலான தூரம்) 3.75 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 3.57க்குச் சுருங்கி, துளை இயக்கத்திறன் (துளைகள் எவ்வளவு எளிதாக நகர்கின்றன என்ற அளவு) பல மடங்கு உயர்ந்தது.

தாழ்கோண உச்சத்தைக் கண்டதும் மின்கடத்தலைப் பற்றி முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அது பக்கச் சங்கிலித் திசையின் ஒழுங்கை மட்டுமே காட்டும். பை அடுக்குத் திசையைத் தனியே அளக்க வேண்டும். 1999இல் வெளியான ஓர் ஆய்வில் பி3எச்டியிலேயே, அடுக்குகள் தளத்துக்கு நிமிர்ந்து நிற்கின்றனவா, படுத்திருக்கின்றனவா என்பதைப் பொறுத்து இயக்கத்திறன் 100 மடங்குக்கு மேல் வேறுபட்டது. இரு பாலிமர்களின் மூலக்கூறு எடையும் நெருங்கியிருக்கிறதா என்று பார்த்த பின்னரே அந்த ஒப்பீட்டு வரைபடத்தை வழிகாட்டியிடம் காட்டுங்கள். அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.