புதுப்பிப்பு: கிரீஸ் படிந்த பழைய குக்ரியின் காலம் தெரிந்துவிட்டது

ஏலத்தில் எடுத்த நேபாளக் குக்ரி (வளைந்த கத்தி) எந்தக் காலத்தது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கைகொடுத்தது, "உப்புத்தாள் வேண்டாம், மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, கத்தியின் முதுகில் சாக்பீஸ் தேயுங்கள்" என்ற யோசனைதான்.

அப்படிச் செய்ததும், தேவநாகரி எழுத்தில் பொறித்த 'ஸ்ரீ 3', பக்கத்தில் 1967 தெரிந்தது. அது கி.பி. 1967 இல்லை, நேபாளத்தில் வழங்கும் விக்ரம சம்வத் ஆண்டு. 57 கழித்தால் சுமார் 1910. ஸ்ரீ 3 என்பது அந்நாளில் நேபாளத்தை ஆண்ட ராணா வம்சப் பிரதமர்களின் பட்டம், மன்னருக்கு ஸ்ரீ 5. அப்போது பிரதமர் சந்திர சம்ஷேர். சரி, சுற்றுலாக் கடைச் சரக்கு இல்லை என்று நம்பலாம்.

எதிர்பாராத விஷயம் உறைதான்: மெஷின் தையல், ரொம்பப் பிற்காலத்தது. அதில் செருகியிருந்த கர்தா என்ற குட்டிக் கத்தியும், சக்மக் என்ற கூரில்லாத தீட்டுக் கருவியும் அந்த உறையோடு சேர்ந்தவையாகவே தெரிகின்றன. அப்புறம், மரப்பிடியில் மண்ணெண்ணெய் படவிடாதீர்கள்.