ஒரே மீட்டர், இரண்டு கம்பெனிகளின் கணக்கு: ரிக்கன்சிலியேஷன் வேலையில் பார்த்தவை

முதல் பகிர்வு (பில்லிங் பிரிவு, டெக்சாஸ் சந்தை)

டெக்சாஸில் வீடுகளுக்கு மின்சாரம் விற்கும் ஒரு கம்பெனிக்காக எட்டு வருடமாக வாடிக்கையாளர் பதிவுகளைச் சரிபார்த்து வருகிறேன். நம் கணக்கில் ஒரு வீடு இருக்கிறது, அடுத்தவர் கணக்கிலும் அதே வீடு இருக்கிறது, இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் என் மேஜைக்கு வரும். இதே வேலையில் இருப்பவர்களும், இந்தக் குழப்பத்தில் மாட்டிய வாடிக்கையாளர்களும் தங்கள் அனுபவத்தைக் கீழே சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை.

வெளியில் இருப்பவர்களுக்காக அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1999இல் வந்த சட்டத்தின்படி, 2002 ஜனவரி 1 முதல் டெக்சாஸின் பெரும்பகுதியில் மக்கள் தங்கள் மின் விற்பனைக் கம்பெனியைத் தாங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். கம்பியும் மீட்டரும் மட்டும் அந்தந்தப் பகுதியின் விநியோகக் கம்பெனியிடம் இருக்கும்: ஆன்கோர், சென்டர்பாயின்ட், ஏ.இ.பி. டெக்சாஸ் போன்றவை. எந்த மீட்டர் இன்று எந்த விற்பனைக் கம்பெனியிடம் இருக்கிறது என்ற பதிவேடு, மாநிலத்தின் பெரும்பகுதிக்கு மின் கட்டமைப்பையும் சந்தையையும் நடத்தும் எர்காட் அமைப்பிடம். ஆக, ஒரு வீட்டைப் பற்றி மூன்று இடங்களில் பதிவு. மூன்றையும் கட்டி வைத்திருப்பது இ.எஸ்.ஐ. ஐடி என்ற ஒரே எண். ஆன்கோர் பகுதியில் அது 17 இலக்கம், சென்டர்பாயின்ட் பகுதியில் 22.

இந்த மூவரும் ஒரே டேட்டாபேஸைப் பார்ப்பதில்லை. ஒருவருக்கொருவர் அனுப்பும் மின்னணுச் செய்திகளை வைத்துத்தான் ஒவ்வொருவரும் தங்கள் பதிவைத் திருத்திக்கொள்கிறார்கள். புதிதாகக் குடிவருகிறவருக்கு 814_16. கம்பெனி மாறுகிறவருக்கு 814_01. 'இந்த வீடு இனி உங்களுடையது இல்லை' என்று பழைய கம்பெனிக்கு 814_06. மாதப் பயன்பாட்டுக்கு 867_03, விநியோகக் கட்டணத்துக்கு 810_02. இதில் ஒன்று வராமல் போனாலோ, வந்தும் நம் சிஸ்டத்தில் எங்கேயாவது சிக்கிக் கிடந்தாலோ, அன்று முதல் நம் பதிவு ஒன்று சொல்லும், எர்காட் பதிவு வேறொன்று சொல்லும்.

சேர்ந்த புதிதில் எனக்குச் சொல்லித்தந்தது எளிமையான விதி: எர்காட் என்ன சொல்கிறதோ அதற்கேற்ப நம்முடையதை மாற்று. முதல் வருடம் முழுக்க அப்படித்தான் செய்தேன். பட்டியலும் வாரா வாரம் சுத்தமாகத் தெரிந்தது. அது போதாது என்று எனக்குப் புரியவைத்தது ஓர் அபார்ட்மென்ட் கேஸ்.

வாராந்திரப் பட்டியலில் ஒரு வரி. 121ஆம் எண் வீடு எங்கள் பதிவில் நடப்பில் இருக்கிறது. எர்காட்டிலோ பத்து நாளுக்கு முன்பே வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. தேடிப் பார்த்தால் 814_06 வந்திருக்கிறது, எங்கள் பக்கம் பிழைப் பட்டியலில் யாரும் பார்க்காமல் கிடந்திருக்கிறது. விதிப்படி கணக்கை மூடி, கடைசி பில்லை அனுப்பிவிட வேண்டியதுதான். மூடுவதற்கு முன் என்னவோ தோன்றி அந்தச் செய்தியைத் திறந்து படித்தேன். காரணம் 'மூவ்-இன்' என்று இருந்தது. அதாவது, அந்த வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்திருக்கிறார்கள். ஆனால் எங்கள் வாடிக்கையாளர் நான்கு வருடமாக அங்கே இருப்பவர். காலி செய்வதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன் செய்தேன். வயதான பெண்மணி ஒருவர் எடுத்தார். "நான் எங்கேயும் போகவில்லையே, இங்கேதான் இருக்கிறேன்" என்றார்.

நடந்தது இதுதான். அதே வளாகத்தில் 112ஆம் வீட்டுக்கு ஒருவர் புதிதாகக் குடிவந்திருக்கிறார். அவருடைய கம்பெனியில் முகவரியைத் தேர்ந்தெடுத்தவர் 112க்குப் பதில் 121ஐ எடுத்துவிட்டார். சரி, அப்படியென்றால் 112இல் விளக்கு எரிந்திருக்கக் கூடாதே? எரிந்தது. வாடகைக்கு ஆள் இல்லாத நாட்களில் மின்சாரம் உரிமையாளர் பெயரிலேயே தொடரும்படி ஓர் ஏற்பாடு உண்டு, சி.எஸ்.ஏ. என்போம். அதனால் 112இன் மின்சாரம் உரிமையாளர் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தவறை இன்னோர் ஏற்பாடு மூடி மறைத்துவிட்டது. இரண்டு வீட்டிலும் விளக்கு எரிகிறது, இருவருக்கும் சந்தேகமே இல்லை. அந்தப் பெண்மணி ஓட்டிய ஏசிக்கு 112இல் இருப்பவர் பணம் கட்டப்போகிறார். அவர் கட்டாமல் விட்டிருந்தால்? துண்டிக்கும் உத்தரவு 121இன் மீட்டருக்குத்தான் போயிருக்கும். இதை நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த வகையை நாங்கள் 'இன்அட்வர்டன்ட் கெய்ன்' என்போம், அதாவது ஒரு கம்பெனி அடுத்தவரின் வாடிக்கையாளரைத் தெரியாமல் எடுத்துக்கொள்வது. இப்படிப்பட்ட சிக்கல்களைக் கம்பெனிகள் பேசித் தீர்க்க எர்காட் வைத்திருக்கும் மார்க்கிட்ராக் என்ற தளத்தில் டிக்கெட் போட்டோம். எதிர்க் கம்பெனி ஒப்புக்கொண்டது. இழந்த தேதிக்கு அடுத்த நாளிலிருந்து வீட்டைத் திரும்ப எடுக்கும்படி முன்தேதியிட்ட 814_16 அனுப்பினோம். விநியோகக் கம்பெனி அந்த நாட்களின் பயன்பாட்டையும் கட்டணத்தையும் ரத்து செய்து எங்கள் பெயருக்கு மறுபடி அனுப்பியது. 112க்கு அவர்கள் தனியாக மூவ்-இன் போட வேண்டியிருந்தது. எல்லாம் முடிய மூன்று வாரத்துக்கு மேல் ஆனது.

அதிலிருந்து எந்தக் கேஸிலும் 'யார் சொல்வது சரி' என்று நான் தொடங்குவதில்லை. 'இரண்டு பதிவும் எந்த நாளில் பிரிந்தன' என்று தேடுகிறேன். இரு பக்கச் செய்திகளையும் தேதி வரிசையில் அடுக்கி, கடைசியாக இரண்டும் ஒத்திருந்த நாளைக் கண்டுபிடித்து, அதற்கு அடுத்து வந்த முதல் செய்தியைத் திறந்து பார்ப்பேன். பெரும்பாலும் விடை அங்கேயே இருக்கும். பதிவை மாற்றுவது அதற்கு அப்புறம்தான்.

ஒரு நாள் வித்தியாசம் தானே என்று விடப்படும் கேஸ்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்மிடம் தொடக்கம் 15ஆம் தேதி, எர்காட்டில் 14. பட்டியலில் இது கடைசி வரியாக நிற்கும், யாரும் தொட மாட்டார்கள். ஒரு நாள் என்பது 96 கால்மணி நேர அளவுகள். அந்த மின்சாரத்துக்கு நாம் சந்தையில் பணம் கட்டியிருப்போம், வாடிக்கையாளரிடம் வாங்கியிருக்க மாட்டோம். எர்காட் ஒரு நாளின் கணக்கை 5ஆம் நாள் முதல்முறையும், 55ஆம் நாள் மறுபடியும், 180ஆம் நாள் 'ட்ரூ-அப்' (சரிக்கட்டும் கணக்கு) என்றும் போடுகிறது. அதற்குள் தேதியைச் சரிசெய்தால் தானாகச் சீராகும். ஐந்து மாதம் கழித்துக் கண்டுபிடித்தால் ஓட்டமாக ஓட வேண்டும்.

மறுமொழி (மென்பொருள் பிரிவு, அதே சந்தை)

பிரிந்த நாளைத் தேட வேண்டும் என்பதை நூறு சதவீதம் ஏற்கிறேன். ஆனால் அதற்கும் முன்னால் ஒன்றைப் பார்த்தாக வேண்டும்: ஒப்பிடும் எண் முழுசாக இருக்கிறதா?

எங்கள் இடத்தில் நடந்தது. எர்காட் தந்த ஃபைலையும் எங்கள் சிஸ்டத்தின் ஃபைலையும் ஒருவர் எக்செல்லில் திறந்து, சேமித்து, பிறகு ஒப்பிடும் புரோகிராமுக்குக் கொடுத்தார். எக்செல் ஓர் எண்ணில் முதல் 15 இலக்கத்தைத்தான் காப்பாற்றும், மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடும். இ.எஸ்.ஐ. ஐடியோ 17, 22 இலக்கம். 17இல் கடைசி இரண்டு போய்விடும். 22இல் கடைசி ஏழு போய்விடும். நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று வைத்துத் திறக்காவிட்டால் இதுதான் கதி.

இதனால் ஆயிரக்கணக்கில் பிழை காட்டியிருந்தால் உடனே பிடித்திருப்போம். நடந்தது நேர்மாறு. இரண்டு ஃபைலும் ஒரே மாதிரி வெட்டுப்பட்டதால், வெவ்வேறு வீடுகள் ஒரே எண்ணாகிப் பொருந்திவிட்டன. அறிக்கையில் எல்லாம் பச்சை. மேலே சொன்ன 112, 121 போன்ற அடுத்தடுத்த வீடுகளுக்குக் கடைசி இலக்கங்கள்தானே வித்தியாசம்! அந்த மாதம் அறிக்கையில் பிழை இல்லை என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். அடுத்த மாதம் வாடிக்கையாளர்கள் போன் செய்யத் தொடங்கியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தப் புரோகிராமை எழுதியவன் நான். எண்ணின் நீளத்தைச் சோதிக்கும் ஒரு வரி அதில் இல்லாமல் போனது எனக்கு இன்றுவரை வருத்தம்.

இப்போது எங்கள் புரோகிராம் ஒப்பிடுவதற்கு முன் மூன்றைப் பார்க்கிறது: இலக்க நீளம், ஒரே எண் இரண்டு தடவை வருகிறதா, கடைசியில் சந்தேகப்படும்படி பூஜ்யங்கள் வரிசையாக நிற்கின்றனவா. இதில் எது தவறினாலும் அறிக்கையே வராது.

மறுமொழி (வாடிக்கையாளர், இங்கிலாந்து)

நான் இந்தத் துறையில் இல்லை, அடிபட்ட பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே வீட்டு மின் இணைப்புக்கு எம்.பி.ஏ.என். என்ற எண். முழு வடிவம் 21 இலக்கம், இணைப்பை அடையாளம் காட்டுவது அதில் கடைசி 13. அந்த 13இல் முதல் இரண்டு விநியோகப் பகுதியைக் காட்டும். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு, முந்தைய 12ஐ வைத்துக் கணக்கிட்டது. தட்டச்சில் ஒரு இலக்கம் மாறினால் பெரும்பாலும் பிடித்துவிடும். பக்கத்து வீட்டின் எண்ணைப் பிழையில்லாமல் எழுதினால் பிடிக்காது. எனக்கு நடந்தது இரண்டாவது.

புதுக் கட்டடம். கட்டும்போது மீட்டர்களை 'பிளாட் 7' என்பது போல மனை எண்ணில் பதிவு செய்திருக்கிறார்கள். கட்டி முடிந்ததும் தபால் முகவரியில் வீட்டு எண்கள் வேறு வரிசையில் வந்தன. நான் கம்பெனி மாறியபோது என் முகவரிக்கு அவர்கள் எடுத்த எண், எதிர் வீட்டுடையது. ஒரு மாலை எதிர் வீட்டுக்காரர் தன் கம்பெனி அனுப்பிய 'எங்களைவிட்டுப் போகிறீர்களே' என்ற கடிதத்தோடு என் கதவைத் தட்டினார். பாவம், எதற்கும் கையெழுத்துப் போடாத மனிதர்.

என் புதிய கம்பெனிக்குப் போன் செய்தால், "எங்கள் சிஸ்டத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது" என்ற ஒரே பதில். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் சிஸ்டத்துக்குள் எல்லாம் சரிதான், வெளியில் சுவரில் மாட்டியிருக்கும் மீட்டரோடுதான் பொருந்தவில்லை. நான்காவது தடவை போன் செய்தபோது என் மீட்டரின் சீரியல் எண்ணைப் படம் எடுத்து அனுப்பினேன். அவர்கள் பில்லில் இருந்தது வேறு எண். அதற்குப் பிறகுதான் 'தவறான மாற்றம்' என்று ஒப்புக்கொண்டு இரண்டு கம்பெனிகளும் ஒன்றோடொன்று பேசின. முதல் பில்லிலேயே சீரியல் எண்ணை ஒத்துப்பார்த்திருந்தால் இரண்டு மாத அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

மறுமொழி

அடுத்த மாதம் ஹூஸ்டனில் அபார்ட்மென்ட் மாறுகிறேன். இதையெல்லாம் படித்ததும் பயமாகிவிட்டது. நான் என்ன செய்ய வேண்டும்?

முதலில் எழுதியவரின் பதில்

பயப்படாதீர்கள், பெரும்பாலான மூவ்-இன்கள் ஒரு சிக்கலும் இல்லாமல் முடிகின்றன. முகவரியை மட்டும் சொல்லிப் பதிவு செய்யாதீர்கள். வளாக அலுவலகத்தில் உங்கள் வீட்டின் இ.எஸ்.ஐ. ஐடியைக் கேட்டு வாங்கி, கம்பெனி அதே எண்ணைத்தான் எடுத்திருக்கிறதா என்று ஒவ்வோர் இலக்கமாகப் படிக்கச் சொல்லுங்கள். ஹூஸ்டன் சென்டர்பாயின்ட் பகுதி, அதனால் 22 இலக்கம் வர வேண்டும்.

இங்கிலாந்து நண்பர் சொன்னபடி மீட்டர் எண்ணையும் பாருங்கள். ஆனால் அபார்ட்மென்ட்களில் எல்லா மீட்டரும் ஒரே சுவரில் வரிசையாக இருக்கும், அவற்றின்மேல் எழுதியிருக்கும் வீட்டு எண்ணே மாறியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதற்கும் வழி இருக்கிறது. ஸ்மார்ட் மீட்டர் டெக்சாஸ் என்ற தளத்தில் இ.எஸ்.ஐ. ஐடியையும் மீட்டர் எண்ணையும் கொடுத்துப் பதிவு செய்தால், உங்கள் கால்மணி நேரப் பயன்பாட்டைப் பார்க்கலாம். குடிபோன முதல் வாரத்தில் ஒரு நாள், வீட்டின் மெயின் பிரேக்கரை, சரியாக ஒரு முழு மணியில் தொடங்கி, ஒரு மணி நேரம் அணைத்து வையுங்கள். எந்த நேரம் என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த நாளின் விவரம் தளத்தில் ஏறியதும் அந்த நான்கு கட்டங்களும் பூஜ்யத்துக்கு இறங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

இறங்கவில்லை என்றால் தளத்தில் தெரியும் அளவுகளைப் படம் எடுத்து, அதையும் அணைத்த நேரத்தையும் உங்கள் கம்பெனிக்கு அனுப்பி, இதற்கு மார்க்கிட்ராக் டிக்கெட் போடுங்கள் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். அந்தப் பெயரைக் கேட்டால் உங்கள் போன் என்னைப் போன்ற ஒருவருக்கு வந்து சேரும்.