டேபிள் டென்னிஸ் வீரர் சரத் கமலை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

நான் ஆரம்பிக்கிறேன். 2025 மார்ச் கடைசியில் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் அவருடைய கடைசிப் போட்டிக்குப் போயிருந்தேன். ஓய்வை முன்கூட்டியே அறிவித்துவிட்டதால், தோற்கிற ஆட்டமே கடைசி ஆட்டம் என்று அரங்கில் எல்லோருக்கும் தெரியும். முதல் சர்வதேசப் போட்டியையும் சென்னையில்தான் ஆடினார், முடிவும் இங்கேயே. அவரை வென்றவர் நம் நாட்டு இளைஞர் சினேகித் சுரவஜ்ஜுலா, ஒரு கேம்கூட விட்டுக்கொடுக்காமல். ஜெயித்த பையனுக்கும் மனசாரக் கைதட்டினோம். ஆனால் யாருக்கும் எழுந்து போக மனசில்லை. எனக்கு முன்வரிசையில் ஸ்கூல் யூனிஃபார்மோடு வந்த பிள்ளைகள், அவர் ஒவ்வொரு ஃபோர்ஹேண்ட் (உள்ளங்கைப் பக்கமாக வீசும் அடி) அடிக்கும்போதும் "போட்டுட்டாரு!" என்று கத்தித் தொண்டை கட்டிப்போனார்கள். கிரிக்கெட் இல்லாத ஓர் ஆட்டத்துக்கு நம் ஊரில் இப்படிக் கூட்டம் சேர்த்தவர் அவர்.

•

நான் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறேன். 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் ஒற்றையர் இறுதி ஆட்டத்தில் எதிரே நின்ற லியாம் பிட்ச்ஃபோர்ட் உள்ளூர்க்காரர், கூட்டமும் அவர் பக்கம். அதற்கு முந்தின நாள்தான் இரட்டையர் இறுதியில் சரத்தையும் சத்தியனையும் பிட்ச்ஃபோர்ட் ஜோடி தோற்கடித்திருந்தது. ஒற்றையரிலும் முதல் கேம் 13-11 என்று அவருக்கே போனது. சரி, கஷ்டம்தான் என்று நினைத்தேன். அப்புறம் நடந்ததை மறக்கவே முடியாது. மூன்றாவது கேம் 11-2! டேபிளை விட்டுத் தள்ளி நின்று, அந்த உயரத்தை வைத்துக்கொண்டு பந்தை முன்னோக்கிச் சுழலவிடும் டாப்ஸ்பின் மேல் டாப்ஸ்பின்னாகப் போட்டார். கேம் கணக்கில் 4-1 என்று அவர் ஜெயித்தார். 2006 மெல்போர்னில் வாங்கிய அதே ஒற்றையர் தங்கம், 16 வருடம் கழித்து, 40 வயதில். அணிப் போட்டியிலும், ஸ்ரீஜா அகுலாவோடு கலப்பு இரட்டையரிலும் ஏற்கெனவே தங்கம் வாங்கியிருந்தார். சுற்றியிருந்த தமிழ்க் குடும்பங்களோடு நானும் கத்திக்கொண்டே இருந்தேன்.

•

நேரில் பார்த்ததில்லை. பிள்ளைகளுக்கு டேபிள் டென்னிஸ் சொல்லித்தருகிறவன் என்பதால் எழுதுகிறேன். "இதை ஆடி என்ன சார் ஆகப்போகுது?" என்று கேட்கும் பெற்றோரிடம் நான் சொல்கிற முதல் பெயர் சரத்தான். அப்பாவும் சித்தப்பாவும்தான் அவருக்குப் பயிற்சியாளர்கள். பத்து முறை தேசிய சாம்பியன், ஐந்து ஒலிம்பிக், ஜெர்மனி லீக், நாட்டின் உயரிய விளையாட்டு விருதான கேல் ரத்னா. 2018 ஆசிய விளையாட்டில் ஆண்கள் அணியாகவும், மணிகா பத்ராவோடும் வெண்கலம் வாங்கினார். அதற்கு முன் இந்த ஆட்டத்தில் இந்தியாவுக்கு ஆசிய விளையாட்டுப் பதக்கமே கிடையாது.

ஆனால் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் போட்டுக் காட்டுவது ஒரு தோல்வியை. டோக்கியோ ஒலிம்பிக்கில் சீனாவின் மா லாங்குக்கு எதிரான ஆட்டம். 39 வயதில் நடப்பு ஒலிம்பிக் சாம்பியனிடமிருந்து இரண்டாவது கேமை 11-8 என்று பிடுங்கினார், மூன்றாவதையும் 11-13 வரை இழுத்தார். பார்த்து முடித்ததும் பிள்ளைகள் கேட்பதெல்லாம் அந்த ஃபோர்ஹேண்டைத்தான். முதலில் கால் வேகம், அப்புறம்தான் கை என்று சொல்லி ஃபுட்வொர்க் பயிற்சிக்கு அனுப்புகிறேன்.