ஆல்டர்னேட்டர் புதிது, பேட்டரி புதிது, சார்ஜ் மட்டும் பழையபடி

கீரைக்கட்டு:
“பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை இரண்டு முறை மாற்றியும் சார்ஜ் ஏறவில்லையா? மலிவாக வாங்கினால் இப்படித்தான், மூன்றாவதை மாட்டுங்கள்” என்று நேற்று ஒருவர் எனக்கு அறிவுரை எழுதியிருந்தார். மலிவா? இரண்டாவதுக்கு மட்டும் 480 சிங்கப்பூர் வெள்ளி. பேட்டரி 190. பெல்ட் தனிக்கணக்கு. சிஓஇ என்னும் வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து ஓட்டும் டீசல் வேன் இது. விடியற்காலை மூன்று மணிக்குப் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் கீரை ஏற்றினால், தேக்கா தொடங்கி ஈசூன் வரை பதினான்கு கடை. நிற்கும் இடத்தில் இன்ஜினை ஓடவிடுவது குற்றம். ஆகவே கடைக்குக் கடை அணைத்து, மறுபடி கிளப்ப வேண்டும். விளக்கும் ஏர்கானும் போட்டால் பேட்டரியில் 13.1 வோல்ட், ஆல்டர்னேட்டர் முனையில் 14.2. மூன்றாவதை நீங்கள் வாங்கித் தருகிறீர்களா?

எண்ணே சாட்சி:
எழுதியவன் நான்தான். மாற்றிச் சொல்லப் போவதில்லை. சூடு ஏறினால், ஆல்டர்னேட்டரின் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் அதைக் குறைக்கும். நம் ஊர் வெயிலில் நல்ல ஆல்டர்னேட்டரே தடுமாறும், மட்டமானது படுத்துவிடும்.

பழைய பட்டறை:
விடியற்காலை மூன்று மணிக்கு எந்த ஊர் வெயில் ஐயா? தம்பி கீரைக்கட்டு, ஒன்றே ஒன்று சொல்லுங்கள். 14.2 என்று பார்த்தபோது மீட்டரின் கறுப்பு முனையை எங்கே வைத்தீர்கள்? இன்ஜின் உடம்பிலா, பேட்டரியின் மைனஸிலா?

பாலம்தாண்டி:
இதே வேலையை மலேசியப் பக்கம் ஜோகூரில் பாதி விலைக்குச் செய்திருக்கலாம். எல்லையில் விடுவதற்கு முக்கால் டாங்க் பெட்ரோல் இருந்தால் போதும், ஒரு சனிக்கிழமை போய் வரலாம்.

கீரைக்கட்டு:
டீசல் வேன் என்று எழுதினேன். படித்தீர்களா?

பழைய பட்டறை:
கறுப்பு முனை எங்கே?

எண்ணே சாட்சி:
கறுப்பு முனை, கறுப்பு முனை! பட்டறைக்காரர் முப்பது வருடமாக ஒரே பாட்டைப் பாடுகிறார். 13.1 என்றால் 13.1தான். 12.6 ஓய்வில் நிற்கும் பேட்டரிக்கு ஓடும்போது 13.8க்கு மேல் வேண்டும். வரவில்லை, ஆகவே ஆல்டர்னேட்டர் சரியில்லை. இதற்கு மேல் என்ன கணக்கு?

பழைய பட்டறை:
இதற்கு மேல்தான் கணக்கே. ஆல்டர்னேட்டர் சரியில்லை என்றால் அதன் முனையிலும் குறைய வேண்டும். உங்கள் சூட்டுக்கதை உண்மையானாலும் அங்கேதான் முதலில் தெரியும். அங்கே 14.2 நிற்கிறது. ரெகுலேட்டர் தன் வாசலைப் பார்த்துவிட்டு ‘எல்லாம் சரி’ என்று உட்கார்ந்திருக்கிறது. வழியில் 1.1 வோல்ட்டை எவனோ தின்கிறான். பிளஸ் கம்பி தின்கிறதா, இன்ஜினையும் பேட்டரி மைனஸையும் இணைக்கும் எர்த் கம்பி தின்கிறதா? இன்ஜினை நிமிடத்துக்கு 2000 சுற்றில் வைத்து, விளக்கு, ஏர்கான் எல்லாம் போட்டு, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பெரிய ஆணியிலும் மறுமுனையைப் பேட்டரியின் பிளஸிலும் வையுங்கள். 0.3க்கு மேல் போகக் கூடாது. பிறகு ஆல்டர்னேட்டர் கூட்டிலிருந்து பேட்டரி மைனஸுக்கு. அங்கே 0.2 வந்தாலே நான் முகம் சுளிப்பேன்.

சொல்வேட்டை:
‘மின்னாக்கி’ என்ற அழகான சொல் இருக்கையில் ஏன் ஆல்டர்னேட்டர்?

பழைய பட்டறை:
உதிரிபாகக் கடைகள் இருக்கும் காக்கி புக்கிட்டில் போய் ‘மின்னாக்கி ஒன்று கொடுங்கள்’ என்று கேட்டு வாங்கி வாருங்கள். கூலி வாங்காமல் மாட்டித் தருகிறேன்.

கீரைக்கட்டு:
பிளஸ் பக்கம் பார்த்தேன், 0.15. மைனஸ் பக்கம் பார்ப்பதற்குள் கடையிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. கறுப்பு முனை முதலில் இன்ஜின் உடம்பில்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

பழைய பட்டறை:
நினைக்கிறீர்களா? அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் 14.2 வந்திருக்காது. பிளஸில் 0.15 என்றால் மிச்சம் 0.95 எர்த்தில் போகிறது. ஸ்டார்ட் செய்யும்போது இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா?

கீரைக்கட்டு:
ஆமாம். பேட்டரி மாற்றிய மறுநாளும் அப்படித்தான்.

எண்ணே சாட்சி:
மீட்டர் என்ன விலை? பதினைந்து வெள்ளி மீட்டரில் 0.15 பார்த்துத் தீர்ப்பு எழுதுகிறார்கள்.

பழைய பட்டறை:
மீட்டர் பொய் சொன்னால் இரண்டு இடத்திலும் ஒரே பொய்யைத்தானே சொல்லும்? வித்தியாசம் எங்கிருந்து வந்தது? போன வருடம் இங்கே ஒருவருக்கு ஏர்கான் கம்ப்ரசரை மாற்றச் சொன்னவர் நீங்கள். கடைசியில் ஃபியூஸ். மறந்துவிட்டீர்களா?

எண்ணே சாட்சி:
அந்த ஃபியூஸ் ஏன் போனது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. கம்ப்ரசர்தான்.

பாலம்தாண்டி:
ஜோகூரில் கம்ப்ரசரும் பாதி விலை.

பழைய பட்டறை:
தம்பி, அவர்களை விடுங்கள். பேட்டரி மைனஸிலிருந்து இன்ஜினுக்குப் போகும் கம்பியைக் கழற்றிப் பாருங்கள். மேலே பளபளவென்று இருக்கும், நம்பாதீர்கள். வளையத்துக்கு அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருக்கும். உறையை ஒரு விரல் நீளம் கிழித்தால் உள்ளே செம்பு கறுத்து, கரிந்த துடைப்பக் குச்சி மாதிரி உதிரும். ஆல்டர்னேட்டர் மாற்றியவர்கள் அதைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். அதில் என்ன லாபம்? முப்பது வெள்ளிக் கம்பி.

கீரைக்கட்டு:
கழற்ற நேரமில்லை. பக்கத்து வண்டியிலிருந்து ஜம்பர் கம்பி வாங்கி, இன்ஜின் உடம்பையும் பேட்டரி மைனஸையும் நேராக இணைத்தேன். பேட்டரியில் 13.9 காட்டியது.

பழைய பட்டறை:
ஆ!

எண்ணே சாட்சி:
ஏர்கான் போட்டிருந்தீர்களா?

கீரைக்கட்டு:
விளக்கு போட்டிருந்தேன். ஏர்கான் நினைவில்லை.

எண்ணே சாட்சி:
போதும். சுமையைக் குறைத்துவிட்டு வோல்டேஜ் ஏறியது என்கிறார்கள். இதற்கு ஒரு ‘ஆ’ வேறு.

பழைய பட்டறை:
ஏர்கான் ஒன்றுக்காக 0.8 ஏறுமா? தம்பி, ஏர்கானையும் போட்டு மறுபடி பாருங்கள். கறுப்பு முனையை எங்கே வைத்தீர்கள் என்பதை இந்த முறை எழுதி வையுங்கள்.

கீரைக்கட்டு:
மணி இரண்டேகால். சந்தைக்குப் போக வேண்டும். ஜம்பர் கம்பி இன்னும் வண்டியில்தான் மாட்டியிருக்கிறது, உரியவர் தேடுவார்.

எண்ணே சாட்சி:
மூன்றாவது ஆல்டர்னேட்டர் வாங்கும்போது சொல்லுங்கள், கடை சொல்கிறேன்.

சொல்வேட்டை:
மின்னாக்கி.